கேஸ் வொர்க்ஸ் பார்க் மண்ணுக்குள்ள என்ன இருக்கு? சியாட்டில் தமிழ்க் குடும்பங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

லேக் யூனியன் ஏரியோட வடக்குக் கரையில, வாலிங்ஃபோர்ட் பக்கம், துருப்பிடிச்ச பெரிய பெரிய டவருங்களோட இருக்கே அந்த கேஸ் வொர்க்ஸ் பார்க், அங்க பட்டம் விட, பர்த்டே வைக்க, ஜூலை 4 வாணவேடிக்கை பாக்க, ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவ நிக்க வச்சு போட்டோ எடுக்கன்னு நம்ம ஜனங்க நிறைய போறாங்க. எண்ணெய், கெமிக்கல் கலந்த மண்ணை சுத்தம் பண்ற துறையில நான் வேலை பாக்குறதால இந்த பார்க்கைப் பத்தி கேள்வி வந்துட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்சப்ல பதில் போடுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா குழந்தைங்க உருண்டு புரளுற இடம், தெரிஞ்சு வச்சுக்கறது முக்கியம்.

அங்க முன்னாடி என்னதான் இருந்துச்சு?

ஊருக்கே கேஸ் தயாரிச்சுக் குடுத்த ஃபேக்டரி. 1906-ல ஆரம்பிச்சது, 1956 வரைக்கும் ஓடுச்சு. அந்தக் காலத்துல இப்ப மாதிரி பூமிக்கடியில இருந்து வர்ற நேச்சுரல் கேஸ் சியாட்டிலுக்குக் கிடையாது, நிலக்கரியை காத்து போகாம மூடி வச்சு சூடு பண்ணி அதுல இருந்து கிளம்புற வாயுவைப் புடிச்சு குழாய் வழியா வீடுகளுக்கு அனுப்புவாங்க, விளக்கு எரிய, அடுப்பு எரிய, குளிருக்கு ஹீட்டர் ஓட எல்லாத்துக்கும் அதுதான். 1937-ல நிலக்கரியை விட்டுட்டு எண்ணெய்க்கு மாறிட்டாங்க, இப்ப நிக்குற அந்த உயரமான டவருங்க எண்ணெயில இருந்து கேஸ் எடுத்த ஜெனரேட்டருங்கதான். 1956-ல பைப்லைன் வழியா நேச்சுரல் கேஸ் வந்து சேர்ந்ததும் இந்த ஃபேக்டரிக்கு வேலை இல்லாம போச்சு, பூட்டிட்டாங்க.

கேஸ்தானே, காத்தோட போயிருக்கும், மண்ணுல எப்படி தங்குச்சு?

கேஸ் போயிடுச்சு, கூட வந்ததெல்லாம் தங்கிடுச்சு. நிலக்கரியையோ எண்ணெயையோ சூடு பண்ணினா கேஸோட சேர்ந்து தார் வரும், பென்சீன், டொலுயீன், சைலீன்னு சீக்கிரம் ஆவியாகுற கெமிக்கலுங்க வரும், நாப்தலீன் வரும் (துணி பீரோவுல போடுற அந்துருண்டை வாசனை இருக்கே, அதே சாமான்தான்), அப்புறம் லேம்ப்பிளாக்குன்னு சொல்ற ரொம்ப மெல்லிசான கருப்புக் கரி மலை மலையா வரும். எண்ணெய்க்கு மாறினதுக்கு அப்புறம் இந்தக் கரி இன்னும் அதிகமாச்சு, கொஞ்சத்தை அச்சுல அழுத்தி எரிகட்டியா வித்தாங்க, விக்க முடியாததை அங்கேயே கொட்டி ஏரிக்கரையை மேடாக்கினாங்க. கேஸ்ல இருக்கிற கந்தகத்தை எடுக்க ஆர்சனிக் கலந்த கரைசலை யூஸ் பண்ணினாங்க, அதுவும் கொஞ்சம் மண்ணுல, நிலத்தடி நீர்ல இறங்கியிருக்கு. டேங்க்ல கசிவு, குழாய்ல கசிவு, ஏத்தி இறக்கும்போது சிந்துறது, அம்பது வருஷம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா. அப்ப அதைத் தப்புன்னு சொல்ல ஒரு சட்டமும் இல்ல, கேக்க ஆளும் இல்ல.

இப்படிப்பட்ட இடத்தைப் போய் ஏன் பார்க் ஆக்கினாங்க?

ஏரிக்கு நடுவுல நீட்டிட்டு இருக்கிற, எதிர்ல டவுன்டவுன் முழுசா தெரியுற கிட்டத்தட்ட 20 ஏக்கர் நிலம் அது, வேற எங்க கிடைக்கும்? 1960-கள்ல சிட்டி இதை வாங்குச்சு. வழக்கமான ஐடியா என்னன்னா எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டு புல்லும் மரமும் வைக்கிறது. வாஷிங்டன் யூனிவர்சிட்டில லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் துறையை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஹாக் கிட்ட பொறுப்பைக் குடுத்தாங்க, அவரு மெஷினுங்களையும் டவரையும் அப்படியே விடணும்னு பிடிவாதமா நின்னாரு. நிறைய எதிர்ப்பு. மர்டில் எட்வர்ட்ஸ்னு ஒரு சிட்டி கவுன்சில் அம்மா பேரைத்தான் இந்த பார்க்குக்கு வைக்கிறதா இருந்துச்சு, பழைய இரும்பை வச்சுக்கறதா இருந்தா எங்க பேரு வேண்டாம்னு அவங்க குடும்பமே சொல்லிட்டாங்க. கடைசில ஹாக் ஜெயிச்சாரு, 1975-ல பார்க் திறந்துச்சு, 2013-ல அமெரிக்க தேசிய வரலாற்று இடங்கள் பட்டியல்லயும் ஏறிடுச்சு. மெஷினை வச்சதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அவரு மண்ணை வச்சுக்கிட்டதுதான் எங்க துறையில இருக்கிறவங்களுக்கு பெரிய விஷயம்.

மண்ணை மொத்தமா அள்ளிட்டுப் போய் வேற எங்கயாவது கொட்டியிருக்கலாமே?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. சின்ன இடம்னா அதைத்தான் செய்வோம், ஒரு பெட்ரோல் பங்க்ல டேங்க் ஓட்டையாகி பத்துப் பன்னெண்டு அடிக்குள்ள மண்ணு கெட்டிருந்தா பொக்லைன் வச்சு தோண்டி, லாரில ஏத்தி, அதுக்குன்னு லைசென்ஸ் இருக்கிற குப்பைக் கிடங்குக்கு அனுப்பிட்டு நல்ல மண்ணை நிரப்பிடலாம், வேலை சீக்கிரம் முடியும். இங்க கதை வேற. தார் ஒரு இடத்துல நிக்காது, தண்ணியை விட கனம்கிறதால நிலத்தடி நீருக்கும் கீழ இறங்கிப் போயிட்டே இருக்கும், இறுகின மண்ணு தட்டுற வரைக்கும் போகும். பக்கத்துல ஏரி, தோண்ட ஆரம்பிச்சா தண்ணி உள்ள வரும், அந்தத் தண்ணியையும் சுத்தம் பண்ணணும். தோண்டும்போது பென்சீன் ஆவியா கிளம்பி அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகும். அள்ளின மண்ணு ஆயிரக்கணக்கான லாரில ஊருக்குள்ள போய் இன்னொரு ஊர்ல உக்காந்துக்கும், விஷம் குறையாது, அட்ரஸ் மட்டும் மாறும்.

ஹாக் டீம் நிறைய மண்ணையும் இடிபாட்டையும் உள்ளயே குவிச்சு அதுமேல நல்ல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. பட்டம் விடுறமே அந்தக் குன்று, கைட் ஹில், அதுதான் இது. உச்சில சூரியக் கடிகாரத்துல நின்னு செல்ஃபி எடுக்கும்போது காலுக்குக் கீழ இருக்கிறது பழைய ஃபேக்டரியோட அஸ்திவாரக் கல்லும் மண்ணும்.

பாக்டீரியா எண்ணெயைச் சாப்பிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். இதுல மேஜிக் ஒண்ணும் இல்ல. பெட்ரோல், டீசல் எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும்தான், பெரும்பாலும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்த கடல் பாசி, நுண்ணுயிருங்கள்ல இருந்து வந்தது, அதைச் சாப்பிட்டு வாழுற பாக்டீரியா எல்லா மண்ணுலயும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கு, சூடோமோனாஸ் மாதிரி. எண்ணெய் கொட்டின இடத்துல அதுங்களுக்கு சாப்பாடு ஏராளம், மத்ததெல்லாம் பஞ்சம். ஒரு கிலோ எண்ணெயை முழுசா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியுமா மாத்த சுமார் மூணு மூணரை கிலோ ஆக்சிஜன் வேணும், இறுகிப்போன மண்ணுக்குள்ள அவ்வளவு ஆக்சிஜன் எங்க இருந்து வரும்? நைட்ரஜன் வேணும், பாஸ்பரஸ் வேணும், எங்க துறையில தோராயமா 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ்னு கணக்கு போடுவோம். ஈரம் வேணும், ஆனா சேறா இருக்கக்கூடாது, சேறானா காத்து போகாது. குளிரும் ஆகாது, சியாட்டில் குளிர்காலத்துல வேலை ரொம்ப மந்தமாயிடும்.

1970-கள்ல ஹாக் செஞ்சது என்னன்னா மேல் மண்ணை சுமார் ஒண்ணரை அடி ஆழத்துக்கு உழுது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல மிஞ்சுற கசடு, மரத்தூள் எல்லாம் கலந்து விட்டாரு. கசடுல நைட்ரஜன், பாஸ்பரஸ் இருக்கு, மரத்தூள் மண்ணை லேசாக்கி காத்துக்கு வழி விடுது, உழவு ஆக்சிஜனைக் குடுக்குது, அதாவது மேல சொன்ன பஞ்சத்தையெல்லாம் ஒரே அடியில தீர்த்து வச்சாரு. அன்னைக்கு இதைக் கேட்டவங்க பாதிப் பேரு நம்பல, புல்லு முளைச்சதைப் பாத்துதான் நம்பினாங்க. இன்னைக்கு லேண்ட்ஃபார்மிங் (இப்படி உழுது விடுறது), பயோபைல்னு பேரு வச்சு உலகம் பூரா செய்யறோம், பயோபைல்னா மண்ணைக் குவிச்சு, உள்ள ஓட்டை போட்ட குழாய் வச்சு காத்து இழுத்து, மேல தார்ப்பாய் போட்டு மூடி மாசக்கணக்குல வேக விடுறது. டீசல் கலந்த மண்ணுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இதுதான், லாரியும் வேண்டாம், மண்ணைச் சுட அடுப்பும் வேண்டாம், மண்ணு மண்ணாவே திரும்பக் கிடைக்கும்.

அப்படின்னா 1984-ல பார்க்கை ஏன் மூடினாங்க?

பாக்டீரியாவுக்கும் பிடிச்சது பிடிக்காதது இருக்கு. கார்பன் அணுக்கள் நேர் சங்கிலியா கோர்த்திருக்கிற ஹைட்ரோகார்பனை (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்) முதல்ல முடிக்கும், அப்புறம் கிளை விட்டது, பென்சீன் மாதிரி ஒத்தை வளையம், நாப்தலீன் மாதிரி ரெட்டை வளையம், இதெல்லாம் ஆக்சிஜன் கிடைச்சா போயிடும். இப்படி வளையங்க ஒட்டிக்கிட்டு இருக்கிறதை பிஏஹெச்னு சொல்லுவோம், அதுல நாலு வளையம் அஞ்சு வளையம் இருக்கிறதை சீக்கிரத்துல தொடாது. அதுல பென்சோபைரீன்னு அஞ்சு வளைய ஐட்டம் ஒண்ணு இருக்கு, கேன்சர் வரவைக்கும்னு உறுதியானது, தார்லயும் கரிலயும் நிறைய இருக்கும். ஒண்ணரை அடி உழுததுல எண்ணெய் வாடை போச்சு, புல்லு வந்துச்சு, இந்த வளையங்க அப்படியே இருந்துச்சு, ஒண்ணரை அடிக்குக் கீழ இருந்ததை யாரும் தொடவே இல்ல. 1984-ல மண்ணை டெஸ்ட் பண்ணினப்ப இது வெளிய வந்து, மேயர் பார்க்கையே சில மாசம் மூடிட்டாரு, அப்புறம் மண்ணு போட்டு மூடி திறந்தாங்க.

இதை வச்சு ஹாக் செஞ்சது தோல்வின்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அதுல கொஞ்சம்கூட உடன்பாடு இல்ல. லேசான எண்ணெயைப் பொறுத்தவரைக்கும் அது வேலை செஞ்சுது. அது எட்டாத இடத்துக்கும் எட்டாத பொருளுக்கும் வேற வைத்தியம் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்.

பென்சீனை எப்படி வெளிய எடுத்தாங்க?

பார்க்கோட தென்கிழக்குப் பகுதியில நிலத்தடி நீர்ல பென்சீன் அதிகம். பென்சீன் 80 டிகிரில கொதிக்கிற பொருள், சாதாரண சூட்டுலயே ஆவியாயிட்டு இருக்கும், அந்த குணத்தையே புடிச்சுக்கிட்டாங்க. 2000-க்கு அப்புறம் அங்க ஏர் ஸ்பார்ஜிங் சிஸ்டம் வச்சாங்க. மீன் தொட்டிக்குள்ள பம்ப் காத்து விடுது பாருங்க, அதே மாதிரி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழ குழாய் இறக்கி காத்தை அடிச்சா குமிழி குமிழியா மேல வரும், வர்ற வழியில தண்ணியில கரைஞ்சிருக்கிற பென்சீனைத் தூக்கிட்டு வரும். மேல ஈரமில்லாத மண்ணுல இன்னொரு செட் குழாய் வேக்கம்ல உறிஞ்சிட்டு இருக்கும், அந்த ஆவியைப் புடிச்சு சுத்தம் பண்ணிட்டுத்தான் காத்துல விடுவாங்க. சும்மா காத்து மட்டும் அடிச்சுட்டு மேல உறிஞ்சாம விட்டா ஆவி எங்கயாவது பக்கத்துக் கட்டடத்து பேஸ்மென்ட்ல போய் ஏறிக்கும், அதனால ரெண்டும் சேர்ந்தேதான் ஓடணும். இன்னொரு லாபம் என்னன்னா அந்தக் காத்துல இருக்கிற ஆக்சிஜனை வச்சு பாக்டீரியாவும் பக்கத்துலயே வேலை செய்யும்.

மணல் மாதிரி மண்ணுல இது அருமையா நடக்கும். களிமண்ணுல காத்து ஏதோ ஒரு விரிசலைப் புடிச்சு அது வழியாவே ஓடிடும், மத்த இடம் அப்படியே கிடக்கும்.

மண்ணை எப்படி டெஸ்ட் பண்றீங்க, பாத்தாலே தெரியுமா?

பாதி தெரியும். டிரில் மெஷின் வச்சு குழாயை இறக்கி மண்ணை அப்படியே நீளமா ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ள எடுப்போம், அதை மேஜை மேல வச்சு நீளவாட்டுல கிழிச்சா அந்த இடத்தோட சரித்திரமே படுத்திருக்கும். பழைய கேஸ் ஃபேக்டரி மண்ணுன்னா மேல ஒரு அடி ரெண்டடி பழுப்பு நிறத்துல நல்ல மண்ணு, வேரெல்லாம் இருக்கும், திடீர்னு செங்கல் துண்டு, சரளை, அதுக்குக் கீழ கையில தொட்டா மை மாதிரி ஒட்டுற கருப்புப் பொடி, அதுக்கும் கீழ சாம்பல் நிற மணல், அங்கதான் அந்துருண்டை வாசனை கும்முனு அடிக்கும். (வாசனை தானா வரும், கிட்டப் போய் முகர்ந்து பாக்கவே கூடாது, எங்க சைட்டுல இது கண்டிப்பான ரூல்.) ஒரு சின்னக் கட்டியை எடுத்து தண்ணித் தட்டுல போடுவோம், எண்ணெய் இருந்தா வானவில் கலர்ல ஒரு ஏடு பரவும். அப்புறம் ஆவியை அளக்குற கையடக்க மீட்டர். இதெல்லாம் எந்த இடத்து மண்ணை லேபுக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணத்தான், நம்பர் லேப்லதான் வரும்.

எவ்வளவு இருந்தா ஆபத்துன்னு சொல்லுவாங்க?

வாஷிங்டன் மாநிலத்துல மாசுபட்ட இடத்தைச் சுத்தம் பண்றதுக்குன்னு எம்டிசிஏன்னு ஒரு சட்டம் இருக்கு, 1988-ல மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்தது. அதுல சாதாரண சைட்டுக்குன்னு ஒரு ரெடிமேட் அட்டவணை உண்டு. குடியிருப்பு மாதிரி எந்தத் தடையும் இல்லாத நிலத்துக்கு ஒரு கிலோ மண்ணுல டீசல் 2,000 மில்லிகிராம் வரைக்கும், பெட்ரோல் 100 மில்லிகிராம், அந்தப் பெட்ரோல்ல பென்சீன் இருந்தா 30 மில்லிகிராம். தனியா பென்சீன் மட்டும் எடுத்தா 0.03 மில்லிகிராம், பென்சோபைரீன் 0.1 மில்லிகிராம். டீசலுக்கும் பென்சீனுக்கும் நடுவுல எத்தனை ஆயிரம் மடங்கு வித்தியாசம் பாருங்க, அதனாலதான் "எண்ணெய் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது, எந்த எண்ணெய், அதுல என்ன இருக்குன்னு கேக்கணும்.

இந்தக் கணக்கெல்லாம் சின்னக் குழந்தையை மனசுல வச்சுப் போடுறது. ஒரு குழந்தை விளையாடும்போது கையில ஒட்டி, வாயில போயின்னு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணு உள்ள போகும்னு எடுத்துக்கிட்டு அதுல இருந்து பின்னாடி கணக்கு பண்ணி வருவாங்க. கேஸ் வொர்க்ஸ் மாதிரி பெரிய சிக்கலான சைட்டுக்கு இந்த ரெடிமேட் அட்டவணை போதாது, அந்த இடத்துக்குன்னே தனியா ஆராய்ஞ்சு அளவு வைப்பாங்க.

குழந்தைங்களக் கூட்டிட்டுப் போகலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க முதல்ல.

போகலாம், தாராளமா கூட்டிட்டுப் போங்க. பார்க்குல இப்ப நீங்க நடக்குற புல்லுத் தரைக்கு மேல் மண்ணு வெளிய இருந்து கொண்டு வந்து போட்ட நல்ல மண்ணு, பல இடத்துல அதுக்கும் பழைய மண்ணுக்கும் நடுவுல துணி மாதிரி ஒரு விரிப்பு போட்டிருக்காங்க, யாராவது தோண்டினா அது தட்டுப்படும், நிறுத்திக்கலாம். அந்த மூடி நல்லா இருக்கிற வரைக்கும் கீழ இருக்கிறது குழந்தையை வந்து தொட வழியில்ல. அதனாலதான் சொல்றேன், குழி தோண்டாதீங்க, டென்ட் முளை ஆழமா அடிக்காதீங்க, வேலி போட்டு மூடி வச்சிருக்கிற டவர் பக்கம் ஏறிக் குதிக்காதீங்க. புல்லு தேஞ்சு மண்ணு தெரியுற சரிவுல சின்னப் பசங்கள விட வேண்டாம். சாப்பிடுறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவணும், சானிடைசர் கிருமியைக் கொல்லும், மண்ணை எடுக்காது. வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசல்ல கழட்டிடுங்க, அது நம்ம வீட்ல எப்படியும் நடக்கும்.

வெயில் காலத்துல தரையில கருப்பா ஏதோ பிசுபிசுன்னு பாத்தோம், அது என்ன?

தார்தான். இந்த இடத்துல வெயில் நல்லா அடிக்கிற நாள்ல கீழ இருக்கிற தார் இளகி, மண்ணுல இருக்கிற சந்து வழியா மேல ஏறி வர்றது உண்டு, ஃபேக்டரி மூடி இத்தனை வருஷம் கழிச்சும். பாக்க ஒரு காசு அளவுல பளபளன்னு இருக்கும், ஓரத்துல தூசி ஒட்டி மங்கியிருக்கும், குச்சி வச்சு அமுக்கினா உள்ள போயிட்டு மெதுவா மேல வரும். ரோடு போடுற தார்னு நினைச்சு பசங்க கையில உருட்டுவாங்க, அதுல பிஏஹெச் அடர்த்தி மண்ணுல இருக்கிறதை விட பல மடங்கு. தொட விடாதீங்க, கையில பட்டுட்டா சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவித் துடைச்சுட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க, பெட்ரோலோ தின்னரோ போட்டுத் தேய்க்கவே வேண்டாம், அது தோலுக்குள்ள இன்னும் இறக்கி விடும். இடத்தை போட்டோ எடுத்து சிட்டி பார்க் டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லுங்க, எடுத்துட்டுப் போய் அந்த இடத்தைச் சரி பண்ணுவாங்க.

ஏரியில காலை மட்டும் நனைச்சுக்கலாமா?

வேண்டாம். கரையில போர்டு வச்சிருக்காங்க, நீந்தக்கூடாது, தண்ணியில இறங்கி நடக்கக்கூடாது, படகு இறக்கக்கூடாதுன்னு. தண்ணி தெளிவா அழகா இருக்கும், பாத்தா நம்பவே தோணாது. பிரச்சனை தண்ணியில இல்ல, அடியில இருக்கிற சேத்துல. அம்பது வருஷம் கொட்டினது, கரையில இருந்து வழிஞ்சது எல்லாம் ஏரிக்கடியில படிஞ்சிருக்கு, கால் வச்சா கலங்கி மேல வரும். கரைக்கு மேல இருக்கிற மண்ணுக்கு மூடி போட்டாச்சு, ஏரிப்படுகைக்கு முழுசா இன்னும் போடல, அதுதான் இந்த இடத்தோட பெரிய பாக்கி. பாண்டிச்சேரி பீச்ல அலையில நிக்கிற மாதிரி பேண்ட்டை மடிச்சுக்கிட்டு இறங்குற நம்மாளுங்களப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும், அந்த போர்டைப் படிங்க, பெரியவங்களுக்கு தமிழ்ல படிச்சும் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்குறாங்க? நம்ம வரிப்பணமா?

கொஞ்சம் நம்மது. எம்டிசிஏ சட்டப்படி மாசு பண்ணினவங்களும், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரங்களும் பொறுப்பு. பழைய கேஸ் கம்பெனி கைமாறி கைமாறி இப்ப பியூஜெட் சவுண்ட் எனர்ஜியா இருக்கு, ஆமா, உங்க வீட்டுக்கு கேஸ் பில் அனுப்புறவங்கதான், நிலம் சிட்டியோடது, ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்யணும், மாநில சுற்றுச்சூழல் துறையான எக்காலஜி மேல நின்னு பாத்துக்குது. அந்தச் சட்டத்துலயே பெட்ரோல் மாதிரி ஆபத்தான பொருளு மாநிலத்துக்குள்ள முதல்ல யாரு கைக்கு வருதோ அவங்ககிட்ட வரி வாங்குற ஏற்பாடு இருக்கு, 2019 வரைக்கும் மொத்த விலையில 0.7 சதவீதம், அதுக்கப்புறம் பெட்ரோலியத்துக்கு பீப்பாய்க் கணக்கு. அந்தப் பணத்துல இருந்து சிட்டிங்களுக்கு கிராண்ட் போகுது. எண்ணெய் விக்கிறவங்க காசுலயே எண்ணெய் அழுக்கை எடுக்குற ஏற்பாடு, எனக்கு இது ரொம்ப நியாயமாப் படுது.

நாங்க வாங்கப்போற வீட்ல பழைய ஆயில் டேங்க் இருக்குன்னு சொல்றாங்க, அதுவும் இதே பிரச்சனையா?

சின்ன அளவுல இதேதான். சியாட்டில்ல பழைய வீடு நிறைய ஒரு காலத்துல ஹீட்டிங் ஆயில்ல ஓடினது, டேங்கைத் தோட்டத்துல புதைச்சு வச்சிருப்பாங்க. கேஸுக்கோ கரண்டுக்கோ மாறினப்ப சில பேரு முறையா எண்ணெயை எடுத்து, உள்ள கழுவி, மணலோ ஃபோமோ நிரப்பி, தீயணைப்புத் துறை பர்மிட்டோட மூடியிருப்பாங்க, சில பேரு அப்படியே மண்ணைத் தள்ளிட்டு மறந்திருப்பாங்க. சுவரோரமா மண்ணுல இருந்து ஒண்ணு ரெண்டு இரும்புக் குழாய் நீட்டிட்டு இருந்தா சந்தேகப்படுங்க. மூடினதுக்கு பேப்பர் கேளுங்க, இல்லன்னா டேங்க் பக்கத்துல மண்ணு எடுத்து டெஸ்ட் பண்ணாம கையெழுத்து போடாதீங்க, வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்றவரு இதைப் பாப்பாருன்னு நம்பிடாதீங்க, பெரும்பாலும் அது அவங்க வேலையில வராது. ஹீட்டிங் ஆயில் டீசல் வகைதான், பென்சீன் கம்மி, மண்ணோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப தூரம் ஓடாது, அதனால பயந்து வீட்டையே விட வேண்டாம், யாரு செலவுல சரி பண்றதுன்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்கிக்கங்க.

நம்ம பக்கம் இது மாதிரி நடந்திருக்கா?

நடந்திருக்கு. சென்னை தண்டையார்பேட்டையில 2013-ல போர்வெல் தண்ணியில பெட்ரோல் வாடை அடிச்சு ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, துறைமுகத்துல இருந்து போற எண்ணெய்க் குழாய்ல கசிவு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. யாழ்ப்பாணம் சுன்னாகத்துல அனல்மின் நிலையத்தைச் சுத்தியிருந்த கிணறுகள்ல எண்ணெய் வந்துச்சு, 2019 ஏப்ரல்ல இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் கம்பெனி ரெண்டு கோடி ரூபா நஷ்ட ஈடு குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. யாழ்ப்பாணத்துல வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது, குடிக்க, தோட்டத்துக்கு எல்லாம் பெரும்பாலும் கிணறுதான், கீழ சுண்ணாம்புக் கல்லு, அதுல ஓட்டையும் குகையுமா இருக்கும், எண்ணெய் மணல்ல ஊறுற மாதிரி மெதுவா ஊறாது, விரிசல் வழியா ஒரு கிணத்துல இருந்து இன்னொரு கிணத்துக்குப் போயிடும். மண்ணை உழுது பாக்டீரியா விடுற முறை மேல் மண்ணுக்கு உதவும், பாறைக்குள்ள போனதுக்கு உதவாது. அதனால ஒரு ஊர்ல ஜெயிச்ச முறையை இன்னொரு ஊருக்கு அப்படியே தூக்கிட்டுப் போறவங்களை நம்பாதீங்க, முதல்ல கீழ என்ன மண்ணு, தண்ணி எத்தனை அடியில, எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேக்கணும்.

கேஸ் வொர்க்ஸ்ல வேலை எப்ப முடியும்? எங்களால ஏதாவது செய்ய முடியுமா?

லேசான எண்ணெய் போயிடும், பென்சீன் குறைஞ்சுக்கிட்டே வரும். தாரும் கரியும் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அந்த மண்ணுக்கடியிலதான் இருக்கப் போகுது, மூடி போட்டு, அந்த மூடியைப் பாத்துக்கிட்டு, நிலத்தடி நீரை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கறதுதான் வேலையே. அடுத்த பெரிய கட்டம் கரையோரமும் ஏரிப்படுகையும், எதைத் தோண்டி எடுக்கிறது, எதை மணல் போட்டு மூடுறதுங்கறதுதான் அதுல முக்கியக் கேள்வி.

இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் எக்காலஜி துறை திட்டத்தை வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்து கேக்கும், அதுக்குன்னு நாள் குடுப்பாங்க, மீட்டிங் வைப்பாங்க. அங்க வர்றது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரங்களும் படகு வச்சிருக்கிறவங்களும்தான், வாரா வாரம் குழந்தைங்களோட வர்ற நம்ம மாதிரி குடும்பங்க ரொம்பக் குறைவு. அவங்க வெப்சைட்ல இந்த சைட் பேரைத் தேடி ஈமெயில் லிஸ்ட்ல சேர்ந்துக்கங்க, நோட்டீஸ் வரும்போது எங்க உக்காருறீங்க, பசங்க எங்க விளையாடுறாங்க, தார் எங்க பாத்தீங்கன்னு ரெண்டு வரி எழுதினாலே போதும், பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை. இங்கிலீஷ்ல எழுத கஷ்டமா இருந்தா மொழி உதவி கேளுங்க.